ஐந்து கிலோவும் இருபது கிலோவும்

1955-56ஆம் ஆண்டில் இந்தியாவில் தலைக்கு ஐந்து கிலோ சர்க்கரை கிடைத்தது. இப்போது ஏறத்தாழ இருபது கிலோ கிடைக்கிறது. எழுபது ஆண்டுகளில் நான்கு மடங்கு. இந்த இரண்டு எண்களையும் மருத்துவ முகாம்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் நம்மில் பலர் கேட்டிருப்போம். "நம் தாத்தா பாட்டி இனிப்பையே தொடாமல் ஆரோக்கியமாக இருந்தார்கள், நாம்தான் சர்க்கரையை அள்ளிக் கொட்டிக்கொண்டு நோயை விலைக்கு வாங்கினோம்" என்ற பிரசங்கமும் கூடவே வரும். எண்கள் இரண்டும் சரி. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவு சரியா என்பதே என் கேள்வி. நான் டாக்டர் அல்ல. ரயில்வேயில் வேகன் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிப்ளமா இன்ஜினீயர். கூட்டல் கழித்தல் கணக்கு ஒன்றுதான் என் கைமுதல். அதை வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில், 'தலைக்கு இத்தனை கிலோ' என்பது எப்படி வருகிறது? நம் வீட்டு டப்பாவை யாரும் வந்து எடை போட்டுப் பார்ப்பதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் ஆலைகளில் இருந்த இருப்பு, அதோடு அந்த ஆண்டு உற்பத்தி, இறக்குமதி. இவற்றைக் கூட்டி, ஏற்றுமதியையும் ஆண்டுக் கடைசியில் மிஞ்சிய இருப்பையும் கழித்து, மீதியை ஜனத்தொகையால் வகுக்கிறார்கள். ஸ்டேஷனில் விற்ற டிக்கெட்டுகளை எண்ணிப் பயணிகள் எண்ணிக்கையைச் சொல்வது போன்ற கணக்கு இது. டிக்கெட் வாங்கிவிட்டு வண்டி ஏறாதவரும் உண்டு, ஒரே ஆள் மூன்று முறை போனதும் உண்டு. எறும்பு தின்றது, மழையில் கரைந்தது, மிட்டாய்க் கடையில் பாகாகிக் கெட்டது எல்லாம் நம் தலைக்குமேல் எழுதப்படும். இருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு ஒரே முறையில் போடுகிற கணக்கு என்பதால் போக்கைத் தெரிந்துகொள்ள உதவும்.

அரசின் பொருளாதார ஆய்வறிக்கையில் இந்தப் போக்கு வரிசையாக இருக்கிறது. 1955-56ல் 5 கிலோ. 1970-71ல் 7 கிலோவுக்குச் சற்று மேல். 1980-81லும் அதே 7 கிலோதான், பத்து வருடம் நகரவே இல்லை. 1990-91ல் 12.7 கிலோ. 2000-01ல் 15.8 கிலோ. இப்போது நாட்டின் மொத்தச் செலவு ஆண்டுக்கு 280 லட்சம் டன்னை ஒட்டி இருக்கிறது. உலகத்திலேயே அதிகமாகச் சர்க்கரை செலவழிக்கும் நாடு நம்முடையது. 140 கோடி ஜனங்களுக்கு வகுத்துப் பாருங்கள், இருபது வரும்.

இந்த வரிசையில் 'சர்க்கரை' என்றால் ஆலையில் செய்த வெள்ளைச் சர்க்கரை மட்டும். வெல்லம் இதில் சேராது. கருப்பட்டியும் கிடையாது. எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது.

நம் பாஷையிலேயே அந்தக் குழப்பம் இருக்கிறது. நான் தென்கோடிக்காரன். எங்கள் ஊரில் வெள்ளையாக இருப்பது சீனி. 'சர்க்கரை' என்றால் பழுப்பாக, பொடியாக, ஈரப்பதத்தோடு இருக்கும் நாட்டுச் சர்க்கரை. சென்னையில் வளர்ந்த என் மனைவிக்கு வெள்ளையே சர்க்கரை. நாங்கள் வடக்கே வந்த புதிதில் கடைக்காரனிடம் நான் 'சீனி' என்று கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிட்டான், ஏனென்றால் இந்தியிலும் அது சீனிதான். சீன தேசத்தோடு சம்பந்தப்பட்ட பெயர் என்பார்கள். மேற்கு உ.பி.யிலும் பஞ்சாபிலும் 'ஷக்கர்' என்று கேட்டால் வெல்லப்பொடியை நிறுத்துக் கொடுப்பார்கள். நம் பாட்டிகள் வெள்ளைச் சர்க்கரையை 'அஸ்கா' என்று சொன்னது சிலருக்கு நினைவிருக்கலாம். அது ஒரு ஊரின் பெயர். கஞ்சம் மாவட்டத்தில், இன்றைய ஒடிசாவில் இருக்கிறது. அந்த மாவட்டம் 1936 வரை சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்தது. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு சர்க்கரை ஆலை ஓடியது. அந்த ஆலையின் சரக்கு தெற்கே இறங்கி, ஊர்ப் பெயரே பண்டத்தின் பெயராகிவிட்டது. ஒரு பொருளுக்கு ஜனங்கள் வெளியூர்ப் பெயரை வைத்தார்கள் என்றால் அது வீட்டில் புழங்கிய பொருள் அல்ல, விருந்துக்கு வந்த பொருள் என்று அர்த்தம். வீட்டில் புழங்கியது வெல்லமும் கருப்பட்டியும்தான்.

இந்த விருந்தாளி எப்படி வீட்டுக்காரனானான் என்பது சுவாரசியமான கதை. 1930 வாக்கில் இந்தியாவில் நவீன ஆலைகள் முப்பது இருந்தால் அதிகம். நகரங்களில் விற்ற வெள்ளைச் சர்க்கரையில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து கப்பலில் வந்தது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னை ஒட்டி இறக்குமதி. 1932ல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்து இறக்குமதிக்குக் கனத்த வரி விழுந்தது. நான்கைந்தே ஆண்டுகளில் ஆலைகள் நூற்று முப்பதைத் தாண்டின. உற்பத்தி ஒன்றே கால் லட்சம் டன்னிலிருந்து ஒன்பது லட்சம் டன்னுக்கு ஏறியது. புது ஆலைகளில் பெரும்பாலானவை ஐக்கிய மாகாணத்திலும் பீகாரிலும், ரயில் பாதையை ஒட்டியே எழுந்தன. கான்பூரில் இருக்கும் சர்க்கரைத் தொழில்நுட்ப நிலையம் 1936ல் தொடங்கியதும் அந்த வேகத்தில்தான்.

சட்டம் போட்டால் மட்டும் சர்க்கரை வந்துவிடாது, கரும்பு வேண்டும். வட இந்தியக் கரும்பு அந்நாளில் விரல் தடிமன்தான், சாறும் குறைவு. தெற்கே விளைந்த தடித்த கரும்போ இங்குள்ள குளிரைத் தாங்காது. இந்த முடிச்சை அவிழ்த்தது கோயம்புத்தூர். 1912ல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. பார்பர் என்ற ஆங்கிலேயரும், அவருடன் வேலை செய்து பின்னர் பொறுப்பேற்ற நம் டி.எஸ். வெங்கட்ராமனும் தடித்த கரும்பையும், ஆற்றோரம் நாணல் போல வளரும் காட்டுக் கரும்பையும் கலந்து 1918ல் 'கோ 205' என்ற ரகத்தைக் கொண்டுவந்தார்கள். பஞ்சாப் வயல்களுக்காகவே பிறந்த ரகம் அது. 'கோ' என்பது கோயம்புத்தூரின் முதலெழுத்து. அதற்குப் பிறகு வடக்கே பரவிய நல்ல ரகங்கள் எத்தனையோ அந்த முதலெழுத்தைத் தாங்கியவை. 2009ல் வெளியான 'கோ 0238' அந்த நிலையத்தின் கர்னால் கிளையில் உருவானது. பத்தே ஆண்டுகளில் உ.பி.யின் கரும்பு நிலத்தில் மிகப் பெரும்பகுதியை அது பிடித்துக்கொண்டது. பிறகு செவ்வழுகல் நோய் தாக்கி இப்போது பின்வாங்குகிறது. நாம் பிழைப்புக்காக வடக்கே வருவதற்கு வெகுநாள் முன்பே கோயம்புத்தூர்க் கரும்பு வந்து வேர் பிடித்துவிட்டது. லக்னோவிலிருந்து சீதாப்பூர் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

இப்போது வெல்லத்தின் கணக்குக்கு வருகிறேன். 1960-61ல் நாட்டில் விளைந்த கரும்பு ஏறத்தாழ 11 கோடி டன். ஆலைச் சர்க்கரை 30 லட்சம் டன். நூறு கிலோ கரும்புக்குப் பத்துக் கிலோ சர்க்கரை வரும் என்று வைத்தால் ஆலைகள் அரைத்தது 3 கோடி டன், கொஞ்சம் கூட இருக்கலாம். விதைக் கரணை, கடித்துத் தின்றது, மாட்டுக்குப் போட்டது என்று எட்டில் ஒரு பங்கைத் தள்ளுங்கள். மிச்சம் ஆறரைக் கோடி டன். அது முழுக்க வெல்லத்துக்கும் கண்ட்சாரிக்கும் போனது. அதிலும் நூற்றுக்குப் பத்து என்றால் 65 லட்சம் டன். அப்போது ஜனத்தொகை 44 கோடி. ஆக, தலைக்கு 15 கிலோ வெல்லம். சர்க்கரை 5, வெல்லம் 15, கூட்டினால் 20!

நான் இதை இரண்டு மூன்று முறை போட்டுப் பார்த்தேன். இது பென்சிலால் போட்ட கணக்குதான், ஒன்றிரண்டு கிலோ முன்பின் இருக்கும். அந்த வெல்லம் முழுவதையும் மனிதர்கள் தின்றார்கள் என்றும் சொல்ல முடியாது. ஈன்ற எருமைக்குக் கொடுத்தார்கள், ஹூக்கா புகையிலையில் பிசைந்தார்கள், கள்ளச் சாராயம் காய்ச்சினார்கள். அதையெல்லாம் கழித்துவிட்டாலும் நம் தாத்தா பாட்டி இனிப்பைத் தொடாதவர்கள் என்ற கதை நிற்காது. ஜனங்கள் தாராளமாகவே இனிப்பைச் சாப்பிட்டார்கள். வெல்லமாகச் சாப்பிட்டார்கள், உழைத்து எரித்தார்கள். அன்று கரும்பில் பாதிக்கும் மேல் வெல்லமாயிற்று. இன்று விளைவது 45 கோடி டன்னை ஒட்டி. அதில் பெரும்பங்கு ஆலைக்குப் போய்விடுகிறது. தலைக்குச் சில கிலோ வெல்லம்தான் மிஞ்சுகிறது. எனவே மொத்த இனிப்பு நான்கு மடங்காகவில்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது. இடம் மாறியதுதான் பெரிய மாற்றம்: கொப்பரையிலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து பொட்டலத்துக்கு.

இரண்டாவது இடமாற்றத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ரேஷன் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1967லிருந்து இரட்டை விலை முறை. ஆலை செய்யும் சர்க்கரையில் ஒரு பங்கை அரசு லெவியாகக் குறைந்த விலைக்கு எடுத்து ரேஷன் கடைக்கு அனுப்பும். மீதியை ஆலை வெளிச்சந்தையில் விற்கலாம். 1978 ஆகஸ்டில் ஜனதா அரசு கட்டுப்பாட்டை முழுக்க எடுத்தது. குடோன்கள் நிரம்பி விலை சரிந்தது, ஆலைகள் விவசாயிக்குப் பாக்கி வைத்தன, விவசாயி கரும்பைக் குறைத்தான், வறட்சியும் சேர்ந்துகொண்டது. 1977-78ல் 65 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தி 1979-80ல் 39 லட்சம் டன்னுக்கு விழுந்தது. 1979 டிசம்பரில் கட்டுப்பாடு திரும்ப வந்தது. அப்போது நான் பாலிடெக்னிக் மாணவன். ஹாஸ்டல் காபியில் இனிப்பு காணாமல் போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

1981ல் வேலையில் சேர்ந்து கோரக்பூர் பக்கம் போட்டார்கள். சர்க்கரை ஏற்ற வேகன் கேட்டால் எந்த வேகனையும் தள்ளிவிட முடியாது. கூரையில் ஊசித்துளை இருந்தாலும் போச்சு. ஆளை உள்ளே நிறுத்திக் கதவை இழுத்துச் சாத்துவோம். உள்ளே நிற்பவன் அண்ணாந்து பார்த்து, எங்கேயாவது வெளிச்சம் புள்ளியாகத் தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். தெரிந்தால் அந்த வேகன் சர்க்கரைக்கு ஆகாது, நிலக்கரிக்கோ கல்லுக்கோ போகட்டும். நூறு கிலோ சாக்குகள் அடுக்கி, சீல் வைத்து, கிழக்கே அசாம் வரை அனுப்புவோம். ஒரு வேகன் வழியில் தாமதமானால் எங்கோ ஓர் ஊரில் ரேஷன் கடை வாசலில் வரிசை நீளும். தீபாவளிக்கு முன்னால் கூடுதல் கோட்டா அறிவித்துவிட்டார்கள் என்றால் யார்டில் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. அந்த நாளில் நாட்டின் சர்க்கரை எங்கே போகிறது என்பது ஓரளவுக்கு எங்கள் போன்ற சாதாரண ஊழியர்களுக்கே தெரியும். ரேஷன் கடைக்கும் மளிகைக் கடைக்கும் மிட்டாய்க் கடைக்கும் போனது. அங்கிருந்து வீட்டு டப்பாவுக்குப் போனது. டப்பா யார் கையில் இருந்தது? வீட்டு அம்மாவின் கையில். மாதக் கடைசியில் டப்பா காலியானால் காபியில் அரைக் கரண்டி குறையும், அவ்வளவுதான்.

பிறகு உற்பத்தி பெருகியது. 1990-91ல் 120 லட்சம் டன். 1998ல் ஆலை தொடங்க லைசென்ஸ் வேண்டாம் என்றார்கள். ரங்கராஜன் கமிட்டி 2012ல் அறிக்கை கொடுத்து, 2013ல் லெவியும் போயிற்று. 2017ல் மத்திய அரசு ரேஷன் சர்க்கரை மானியத்தை அந்த்யோதயா அட்டைக்காரர்களோடு நிறுத்திக்கொண்டது. தமிழ்நாட்டில் ரேஷனில் சர்க்கரை எல்லா அரிசி அட்டைக்கும் தொடர்ந்தது. 'சர்க்கரை அட்டை' என்றே ஒரு வகை அங்கே இருக்கிறது. இங்கே அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். நாட்டில் விற்கும் சர்க்கரையில் பாதிக்கும் மேல் இன்று வீடுகளுக்கு வருவதில்லை. பிஸ்கட், குளிர்பானம், சாக்லேட், ஐஸ்கிரீம், பேக்கரி, ஓட்டல், மிட்டாய்க் கடை என்று மொத்தமாக வாங்குகிறவர்களுக்குப் போகிறது. எங்கள் வீட்டில் நானும் மனைவியும் மாதம் ஒன்றரைக் கிலோ வாங்குகிறோம். தலைக்கு ஆண்டுக்கு ஒன்பது கிலோ. தேசியக் கணக்கு இருபது என்கிறது. மீதிப் பதினொரு கிலோ எங்கே என்று தேடியபோது மனைவி, "ஏங்க, அலமாரியைத் திறந்து பாருங்க, கணக்கு அங்கே இருக்கு" என்றாள். திறந்தேன். சாதாரண குளுக்கோஸ் பிஸ்கட்டில் எடையில் கால் பங்கு சர்க்கரை. தக்காளி சாஸிலும் ஏறக்குறைய அதே. பேரனுக்காக வைத்திருந்த ஊட்டச்சத்து மாவில் மூன்றில் ஒரு பங்கு. 300 மில்லி கோலாவில் ஏறத்தாழ 32 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன். யாராவது காபியில் ஆறு ஸ்பூன் போட்டுக் கொடுத்தால் நாம் குடிப்போமா? குளிரவைத்து, காற்றடைத்து, புளிப்பும் சேர்த்துக் கொடுத்தால் தெரிவதில்லை.

நம் பெரியவர்கள் ஒரு வகையில் கெட்டிக்காரர்கள். அவர்கள் இனிப்பு இனிப்பாக இருந்தது. சர்க்கரைப் பொங்கல் என்றால் சர்க்கரைப் பொங்கல், அதிரசம் என்றால் அதிரசம். சாப்பிடுகிறவனுக்கு என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியும், இரண்டுக்கு மேல் நாக்கே போதும் என்று சொல்லிவிடும். இன்றைய இனிப்பு காரத்துக்குள்ளும் புளிப்புக்குள்ளும் ஒளிந்துகொண்டு வருகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர், என் வயதுதான், சர்க்கரை வியாதி வந்த நாள்முதல் காபியில் ஒரு துளி இனிப்பு கிடையாது. கல்யாண வீட்டில் பாயசத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படிப்பட்டவர் நாள் முழுவதும் 'டைஜஸ்டிவ்' என்று பெயர் போட்ட பிஸ்கட்டைத் தின்கிறார். பெயரில் மருந்துக்கடை வாசனை இருப்பதால் அது இனிப்புக் கணக்கில் சேராது என்பது அவர் கட்சி. வாதாடிப் பார்த்துவிட்டேன்.

இன்னொரு கட்சி இருக்கிறது, வெல்லக் கட்சி. 'வெள்ளைச் சர்க்கரை விஷம், வெல்லம் அமுதம்' என்பவர்கள். நம்மவர்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது பெட்டியில் பத்துக் கிலோ கருப்பட்டியும் மண்டை வெல்லமும் கட்டிக்கொண்டு வருகிறார்களே, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ருசிக்காகக் கொண்டு வாருங்கள், வாசனைக்காகக் கொண்டு வாருங்கள். நானும் கொண்டு வருகிறேன். சுக்குக் காபிக்குக் கருப்பட்டி இல்லாமல் முடியாது. மருந்து என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சர்க்கரைச் சத்துதான். கொஞ்சம் தாது உப்பும் இரும்பும் கூட இருக்கும். நீரிழிவுக்காரர் உடம்பு இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே பார்க்கும். போதாக்குறைக்கு, மஞ்சளாகப் பளபளக்கும் வெல்லம் வேண்டும் என்று நாம் கேட்பதால் பாகில் ஹைட்ரோஸ் போட்டு வெளுக்கிறார்கள். சேலம் பக்கத்து வெல்ல ஆலைகளில் கலப்படத்துக்காக வைத்திருந்த வெள்ளைச் சர்க்கரை மூட்டைகளை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் பறிமுதல் செய்த செய்தி பலமுறை வந்திருக்கிறது. சர்க்கரைக்குப் பயந்து வெல்லத்துக்குப் போனால், அங்கேயும் சர்க்கரையே பழுப்புச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மாத்திரை இனிப்புகளைப் பற்றி ஒரே வரி: உடல் எடையைக் குறைக்க அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லிவிட்டது. ஏற்கனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த யோசனை பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது, அவர்கள் டாக்டரைக் கேட்கட்டும்.

இருபது கிலோ என்பது நாளைக்கு 55 கிராம், பதினொரு டீஸ்பூன். அதே நிறுவனம் 2015ல் சொன்ன வரம்பு, நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராம். பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்றது. ஆக, சராசரி இந்தியனே வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறான். சராசரி என்பது ஏமாற்றும் என்பதை மறக்கக் கூடாது. இங்கே பல்ராம்பூரிலும் பஹ்ராய்ச்சிலும் கூலி வேலை செய்கிறவர், இரண்டு வேளை டீயைத் தவிர இனிப்புக் காணாதவர், அந்த சராசரியைக் கீழே இழுக்கிறார். மேலே இழுப்பது யார்? அலமாரியைத் திறந்து பார்த்தால் தெரியும். ஏழையின் டீயில் இருக்கும் இரண்டு ஸ்பூனைப் பற்றி உபதேசம் செய்ய எனக்கு மனம் வராது. அவருக்கு அது கலோரி. குறைக்க வேண்டியது நம்மைப் போல உட்கார்ந்த வேலைக்காரர்கள்.

சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி மையத்தார் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து நாடு முழுவதும் எடுத்த ஆய்வு 2023ல் வெளியானது. பத்துக் கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு, இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசலில். இதற்குச் சர்க்கரை மட்டும் காரணம் என்று சொன்னால் அது நியாயமாகாது. அதே ஆய்வாளர்கள் 2025ல் வெளியிட்ட கணக்குப்படி நம் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, அதில் பெரும்பங்கு தீட்டிய அரிசியும் மைதாவும் போன்றவை. மூன்று வேளையும் அரிசியை ஏதாவது ஒரு வடிவத்தில் சாப்பிடும் நாம் சர்க்கரையை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நகர முடியாது. ஆனால் தட்டில் போட்ட சோற்றைக் கண்ணால் பார்க்கிறோம். சாஸில் இருக்கும் சர்க்கரையைப் பார்ப்பதில்லை.

அரசு பார்க்கிறதா? அரசிடம் சர்க்கரையைப் பற்றி இல்லாத கணக்கு கிடையாது. கரும்புக்கு நியாய விலை, ஆலை விற்பனைக்கு 2019ல் கிலோவுக்கு 31 ரூபாய் என்ற குறைந்தபட்ச விலை, மாத கோட்டா, ஏற்றுமதி அனுமதி, எத்தனால். 2021-22ல் நூறு லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தோம். அடுத்த ஆண்டே கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் கூடாது என்றார்கள். 2024ல் மறுபடி சரி என்றார்கள். எல்லாம் வயலையும் ஆலையையும் விலைவாசியையும் பார்த்துச் செய்வது. விளைவிப்பவர் பக்கம் ஐந்து கோடி ஜனங்கள் என்று அரசே சொல்கிறது, அவர்களுக்கு வோட்டு இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. தின்பவர் பக்கம் பேச எந்த அமைச்சகத்தில் எந்த நாற்காலி? 2025 செப்டம்பர் ஜி.எஸ்.டி. மாற்றத்தைப் பாருங்கள். சர்க்கரை போட்ட காற்றடைத்த பானத்துக்கு 40 சதவீதம். அதே நாளில் பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் 18லிருந்து 5. பாட்டிலில் வந்தால் பாவம், பொட்டலத்தில் வந்தால் புண்ணியம் போலிருக்கிறது.

எத்தனால் விஷயத்தில் என் கருத்து வேறு. உபரிக் கரும்பு வண்டியின் டேங்குக்குப் போவது குழந்தையின் வயிற்றுக்குப் போவதைவிட மேல். ஆனால் ஒரு கிலோ சர்க்கரைக்கு ஆயிரத்தைந்நூறு முதல் இரண்டாயிரம் லிட்டர் வரை தண்ணீர் செலவாகிறது என்கிறார்கள். மராத்வாடா போன்ற வறண்ட இடத்தில் பெட்ரோலுக்காகக் கரும்பு போடுவது எந்த இன்ஜினீயரிங் கணக்கிலும் வராது.

நல்ல காரியமும் நடந்திருக்கிறது. 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது. எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெரும்பாலும் அந்தப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். உங்கள் பள்ளியில் பலகை மாட்டியிருக்கிறதா, மாட்டியிருந்தால் அதன் கீழேயே உள்ள கேன்டீனில் என்ன விற்கிறது என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். பொட்டலத்தின் பின்பக்கம் 'மொத்தச் சர்க்கரை', 'சேர்த்த சர்க்கரை' என்று தனித்தனியாக அச்சிடுவதும் இப்போது கட்டாயம். எழுத்து எறும்பு அளவில் இருக்கிறது என்பது வேறு விஷயம். முன்பக்கத்தில் நட்சத்திரக் குறி போடலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022ல் ஒரு வரைவு வெளியிட்டது. சர்க்கரை நிறைந்த பொட்டலத்துக்கு நட்சத்திரம் கொடுப்பது என் புத்திக்கு எட்டவில்லை. ரயில்வேயில் ஆபத்துக்குச் சிவப்பு, எச்சரிக்கைக்கு மஞ்சள். நட்சத்திரம் காட்டி நாங்கள் எந்த வண்டியையும் நிறுத்தியதில்லை.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்லி நிறுத்துகிறேன். பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கல் இருக்கட்டும், நெய்யும் முந்திரியுமாக நன்றாகவே இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு நாள் ஒரு தொன்னை. வாசலில் வரவேற்புக்கு வைக்கும் அட்டைப்பெட்டி ஜூஸ், பிள்ளைகள் போட்டிக்குப் பரிசாகக் கொடுக்கும் சாக்லேட் பெட்டி, மதியச் சாப்பாட்டோடு வைக்கும் கோலா பாட்டில், இந்த மூன்றையும் எடுத்துவிட்டு நீர்மோரும் புத்தகமும் வைக்கலாம். சென்ற ஆண்டு விழா பில்லைப் பொருளாளரிடம் வாங்கிப் பார்த்தேன். பொங்கலுக்கு வாங்கிய வெல்லம் பன்னிரண்டு கிலோ. பாட்டில்களிலும் பெட்டிகளிலும் இருந்த சர்க்கரையைக் கூட்டினால் பதினாறு கிலோவுக்கு மேல் வருகிறது. கணக்குத் தாளைச் செயற்குழுவிடம் கொடுத்திருக்கிறேன். வேண்டுவோர் என்னிடமும் நகல் பெற்றுக்கொள்ளலாம்.